அத்தையின் கல்யாணக் காருக்கு எத்தனை இறாத்தல் காற்று

எங்கள் காருக்குக் காற்று அடிக்க நிற்கும்போதெல்லாம் என் கணவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்: "நீ வாயத் தொறக்காத." நான் திறந்துவிடுகிறேன். பெற்றோல் செட்டில் நிற்பவர் "எத்தன?" என்று கேட்கிறார். இவர் "இருபத்தாறு" என்கிறார். நான் பின்சீற்றைத் திரும்பிப் பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள், பால்மா டின்கள், தலையணைகள், யாரோ ஊருக்குக் கொடுத்தனுப்பும் மிளகு மூட்டை. "பின்னுக்கு முப்பது போடச் சொல்லுங்களேன்" என்கிறேன். போட்ட பிறகு, முப்பது கூடிவிட்டதோ, வெயிலில் வெடித்துவிடுமோ என்று மாத்தளை போய்ச் சேரும்வரை டயரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, இப்போது இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் திரியும் தோழிகளே, நீங்கள் சிரிப்பீர்கள். பழங்கதை எழுத எனக்கு இன்னும் வயது வரவில்லை என்றும் சொல்வீர்கள். ஆனால் நான் ஏன் இப்படி ஆனேன் என்று என் கணவர் கேட்கும்போது, அவருக்கு நின்று கேட்கப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருக்கும்.

எனக்கு ஒன்பது வயது. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். அந்த வருடம்தான் அவர் கார் வாங்கினார். எத்தனையோ கை மாறி வந்த கறுப்புக் கார். அதன் சீற்றுகளில் பழைய தோலும் பெற்றோலும் எலுமிச்சை ஊறுகாயும் கலந்த ஒரு மணம் இருந்தது. ஊறுகாய் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. காரோடு ஒரு புத்தகமும் வந்தது. இங்கிலீஷில், படங்களோடு. வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அப்பா அதை வைத்தார்.

அந்தப் புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சிறு கட்டம். காரில் ஏறும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எழுநூறு இறாத்தல், அதாவது எழுநூறு பவுண்டு, பாரத்துக்குக் கீழே என்றால் பின் டயர்களுக்கு இருபத்தாறு இறாத்தல் காற்று. எழுநூறுக்கு மேலே என்றால் முப்பது. எழுநூற்றறுபதுக்கு மேல் ஏற்றவே கூடாது. இவ்வளவுதான். இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது.

காரணம், அத்தையின் கல்யாணம். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்கு இருபத்தொன்பது வயது. அந்தக் காலத்தில் அது எப்படிப்பட்ட வயது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்புள்ளையில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் சம்பந்தம் பேசி, அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்து, ஒரு தடவை தள்ளிப்போய்விட்டது. இரண்டாம் முறை நாள் குறித்தபோது மாப்பிள்ளையின் அப்பா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: பத்தரைக்குள் தாலி, தவறினால் இந்த வருடம் கல்யாணம் இல்லை. இந்த வருடம் இல்லையென்றால் எந்த வருடமும் இல்லை என்று அம்மா சமையலறையில் மெதுவாகச் சொன்னாள். அத்தைக்கும் கேட்டது. அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். பெண்ணையும் சீர்ச் சாமான்களையும் நாங்கள் கொண்டுபோக வேண்டும். சீரைப் பந்தலில் பரப்பி வைத்த பிறகே தாலி கட்டுவது அவர்கள் வழக்கம். ஆகவே பெண்ணும் சீரும் ஒரே காரில், ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, லொறி ஓட்டுபவர். அவர் வந்ததும் டயரை ஓர் உதை உதைத்தார்.

"மச்சான், கண்ண மூடிக்கிட்டு முப்பத்தஞ்சு அடிங்க. கல்லு மாதிரி நிக்கும்."

"கல்லு மாதிரி நின்னா ரோட்டுல துள்ளும். புத்தகத்துல அப்பிடி இல்ல."

"புத்தகம் எழுதுன வெள்ளக்காரன் ஒங்க தங்கச்சி சீரப் பாத்தானா?"

தோட்டத்து மருந்து ஐயா மாலையில் தேநீர் குடிக்க வந்து வேறு கணக்குச் சொன்னார். "கல்யாணப் பொண்ணு போற வண்டி. மெத்தையா இருக்க வேணாமா? இருபத்திரெண்டு போதும் கிளாக்கரய்யா. காத்து கொறஞ்சாத்தான் வண்டி ரோட்டப் புடிச்சிக்கிட்டு போகும்."

அப்பா இரண்டு பேரையும் மறுத்தார். யாரும் பாரம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசவில்லை என்றார். பாரம் தெரியாமல் காற்றைப் பற்றிப் பேசுவது படிக்காதவன் வேலை என்றார். அவர் சொன்னது சரிதான். இப்போதும் நான் அதைத்தான் சொல்கிறேன். ஒருவர் சரியாகப் பேசிக்கொண்டே தவறான இடத்துக்குப் போய்ச் சேர முடியும் என்பதுதான் என்னை எரிச்சல்படுத்துகிறது.

கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அப்பா எங்கள் எல்லாரையும் மடுவத்துக்கு அழைத்துப் போனார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத் தோட்டத்தில் மடுவம் என்போம். அங்கே உத்தரத்தில் ஒரு வட்டத் தராசு தொங்கும். கீழே கொக்கி, நடுவே முள். கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடைகளைக் கொக்கியில் மாட்டுவார்கள், கங்காணி முள்ளைப் பார்த்துச் சொல்வார், அப்பா கணக்குப் புத்தகத்தில் எழுதுவார், அவர் எழுதியதை வைத்துத்தான் கூலி. கூடையின் பாரத்துக்கென்று ஒவ்வொரு நிறுவைக்கும் நாலு இறாத்தல் கழித்து எழுதுவது விதி. நாலு வருடமாக அப்பா செய்துவந்த வேலை அது. உலகத்தில் அவர் முழுதாக நம்பிய பொருள்கள் இரண்டு. ஒன்று கார்ப் புத்தகம், மற்றது அந்தத் தராசு.

"இலை நிறுக்கிற தராசுல என்னைய நிறுக்கிறதா? நான் என்ன கொழுந்துச் சாக்கா?" என்று அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சாக்குல ஒக்காரு. ஒரு நிமிசந்தான்."

"அத்தன பேரு பாக்கிறாங்க!"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். சாக்கின் நான்கு மூலைகளையும் கயிற்றால் கட்டிக் கொக்கியில் மாட்டி, அதில் எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்தார் அப்பா. பச்சைக் கொழுந்தின் ஈர வாடை, சணல் வாடை. நான் ஆடிக்கொண்டே மேலே பார்த்தபோது முள் நடுங்கி நடுங்கி நின்றது. தம்பி கைக்குழந்தை, தொங்கவிட்டதும் சாக்கை நனைத்துவிட்டான். "அதையும் சேத்து எழுதணுமாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

எங்களோடு வரவிருந்த ஆயாவும் ஏறினாள். பகலில் மலையில் கொழுந்தெடுப்பாள், பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வாள். கல்யாணத்தில் அத்தையின் பக்கத்தில் நிற்க வேண்டுமென்று அத்தையே அவளைக் கேட்டிருந்தாள். அதற்காக ஒரு நீலச் சேலையை மடித்துப் பாயின் கீழே வைத்திருந்தாள். சாக்கில் தொங்கியபோது வாயைப் பொத்திக்கொண்டாள். சுற்றி நின்ற பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெட்கம் என்று நினைத்தேன்.

பிறகு சாமான்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் பிழை வருமென்று அப்பா ஒவ்வொன்றாக மாட்டினார். தகரப் பெட்டி, தையல் மெஷின், குத்துவிளக்கு, தாம்பாளம், குடம், இன்னொரு குடம், பாய், அரிசி. ஆட்களும் சாமான்களுமாக முப்பத்தொரு நிறுவை. அவர் சொல்லச் சொல்ல என் கொப்பித் தாளில் எழுதியது நான். என் கையெழுத்து அழகென்று ஸ்கூலில் சொல்வார்கள். அதற்காகவே என்னை எழுத வைத்தார்.

"குடம், ஒரு இறாத்தல்" என்றார் அப்பா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். நான் இரண்டு கையாலும் தூக்கி வந்த செப்புக் குடம் அது.

"ஒரு இறாத்தலா? தூக்கிப் பாருங்க" என்றாள் அம்மா.

"கை தப்பாச் சொல்லும். தராசு சொல்லாது. எழுது."

எழுதினேன். சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளை என்ன சொல்லியிருக்க முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். "அப்பா, திரும்ப ஒருக்கா பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். இப்போது என் மகளின் மருந்துக் கரண்டியை மூன்று தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேனே, அது அந்தக் குடத்தால் வந்த வழக்கம்.

மொத்தம் அறுநூற்று எண்பத்துநாலு. எழுநூறுக்குக் கீழே. அப்பாவின் முகத்தில் பரீட்சை பாஸான சந்தோஷம். கால் பம்பை மிதித்து, பின் டயர்களுக்குச் சரியாக இருபத்தாறு இறாத்தல் காற்று அடித்தார். ஒரு டயரில் இருபத்தாறரை வந்தது. அந்த அரையை வால்வை அழுத்திப் புஸ்ஸென்று விட்டார்.

விடியும் முன்னே புறப்பட்டோம். முன்னால் அப்பாவும், தம்பியை மடியில் வைத்த அம்மாவும். பின்னால் அத்தை, ஆயா, நான். எங்கள் காலடியில் குடங்கள், மடியில் தாம்பாளங்கள். தோட்டத்து ரோட்டின் வளைவுகளில் கார் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர யோசித்து, பிறகு மறு பக்கம் சாய்ந்தது. "தொட்டில் மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. அப்பா பெருமையோடு, "அளவான காத்து" என்றார். மாத்தளையில் தேங்காய் உடைத்துவிட்டுத் தம்புள்ளை ரோட்டில் ஏறினோம். அத்தை ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள்: "மணி என்ன அண்ணே?"

நாவுலைக்கு ஒரு மைல் இருக்கும்போது பின்பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. வெடிச் சத்தம். காரின் பின்பக்கம் நாய் வாலைப் போல ஆடி, வேலியோரம் போய் நின்றது. தாம்பாளங்கள் எல்லாம் என் மேல். யாருக்கும் அடியில்லை.

அப்பா மேலதிக டயரைப் பூட்டி, ஊர்ந்து ஊர்ந்து நாவுலைக்கு ஓட்டினார். அங்கே ஒரு டயர் கடை. கடைக்காரர் தொப்பி போட்ட முஸ்லிம் மனிதர். வெடித்த டயரின் உட்பக்கத்தை விரலால் தடவினார். ஓரம் முழுக்க மடிந்து வெடிப்பு விட்டிருந்தது. பிறகு மற்றப் பின் டயரைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

"தொட்டுப் பாருங்க மாத்தயா. ரொட்டி சுடலாம். இப்பிடியே போனா இதுவும் இன்னம் அஞ்சு மைலுக்குத் தாங்காது. எத்தன றாத்தல் அடிச்சீக்கிறீங்க?"

"இருபத்தாறு. அறுநூத்தி எம்பத்துநாலுக்கு இருபத்தாறுதான்." அப்பா என் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

அவர் தாளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அதன் பின்பக்கம் முட்டை இடப் போகும் கோழியைப் போலக் குந்தியிருந்தது.

"டயருக்கு எழுத வாசிக்கத் தெரியாது மாத்தயா. இது எண்ணூறுக்குக் கொறயாது."

"நானே நிறுத்தேன். என் கையால."

"அப்ப முப்பத்தஞ்சு அடிச்சிட்டு விடுங்களேன், நேரமாகுது" என்றாள் அம்மா.

"ஏலாது உம்மா. பழைய டயர். வெயிலும் ஏறுது. கூட அடிச்சா மேல வெடிக்கும், கொறய அடிச்சா ஓரத்துல மடியும். பாரம் சரியாத் தெரியாம நான் காத்துச் சொல்ல மாட்டேன். ஒங்கட புள்ளைகள் ஈக்கிது."

பக்கத்தில் வெங்காயம் வாங்கி அனுப்பும் ஒரு கிட்டங்கி. அங்கே நிலத்தில் வைத்த மேடைத் தராசு இருந்தது. சாமான்களை இறக்கினோம். மணி எட்டரை. அத்தை காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைநிறையப் பூவோடு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தகரப் பெட்டி: தாளில் முப்பத்தெட்டு, தராசில் நாற்பத்திரண்டு. தையல் மெஷின்: தாளில் முப்பத்தொன்று, தராசில் முப்பத்தைந்து. குத்துவிளக்கு: ஒன்பது, பதின்மூன்று. செப்புக் குடம்: ஒன்று, ஐந்து.

"எல்லாத்துலயும் நாலு கூட அப்பா" என்றேன். அந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

"இந்தத் தராசுதான் பிழை" என்றார் அப்பா.

டயர்கடைக்காரர் கிட்டங்கியின் இரும்புப் படிக்கல்லைத் தராசில் வைத்தார். கல்லில் இருந்த அளவும் தராசு காட்டிய அளவும் ஒன்றாக இருந்தன.

"நம்ம தராசு சரியான தராசு. பாரம் இல்லாதப்ப முள்ளு சைபர்லதானே நிக்கும்? நாலு வருசமா நான் அதுலதான..." அப்பா முடிக்கவில்லை.

தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ஆயா சொன்னாள்: "சைபர்ல ஒரு ஆணி இருக்குங்க அய்யா. அதுதான் முள்ள அங்க நிறுத்தி வைக்கும். ஆணி இல்லாட்டி நாலு பின்னுக்குப் போயிடும்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"மலையில எல்லாருக்கும் தெரியுங்க. நான் கொழுந்தெடுக்க வந்த நாள்ல இருந்து அப்பிடித்தான்."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஆயா அப்பாவை விளங்காமல் பார்த்தாள். "நீங்கதானே எழுதுறீங்க. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்க."

கூடைக்கென்று கணக்குப் புத்தகத்தில் நாலு. அதற்கு முன்பே முள்ளில் நாலு. ஆக ஒவ்வொரு கூடையிலும் எட்டு. மடுவத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பெண்களின் சிரிப்பு இப்போது எனக்குப் புரிகிறது. தங்கள் கூடைகளிலிருந்து ஒவ்வொரு நாளும் தின்னும் தராசு, கிளாக்கரய்யாவின் மனைவி பிள்ளைகளிடமிருந்தும் ஆளுக்கு நாலு தின்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒன்றொன்றாக மாட்ட மாட்ட, அது ஒன்றொன்றாகத் தின்றது. முப்பத்தொரு தடவை. கிட்டங்கி வாசலில் நின்று நான் பெருக்கிச் சொன்னேன்: நூற்றிருபத்துநாலு. அறுநூற்று எண்பத்துநாலோடு கூட்டினால் எண்ணூற்றெட்டு.

"சரி சரி, இப்ப அதுவா பேச்சு? மணியப் பாருங்க" என்றாள் அம்மா.

எழுநூற்றறுபதுக்கு மேல் ஏற்றவே கூடாது என்பது புத்தகம். இந்த டயர்களுக்கு இன்னும் ஐம்பது குறைத்தால்தான் முப்பது அடித்துத் தருவேன் என்பது டயர்கடைக்காரர். சீரை இறக்க முடியாது. சீர் வராமல் தாலி ஏறாது. அப்பா யோசிப்பது போல நின்றார். அவர் யோசிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. இறங்க வேண்டியது யார் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யார் முதலில் சொல்வது என்பதுதான் மிச்சம்.

அம்மா சொன்னாள். "ஆயா பஸ்ஸுல வரட்டும்."

காரின் கண்ணாடி இறங்கியது. "அண்ணே, கூட வர்றவள எறக்கிவிட்டுட்டு கொடத்தக் கொண்டு போறதா?" என்றாள் அத்தை. காலையிலிருந்து மணியைத் தவிர அவள் கேட்ட முதல் கேள்வி.

ஆயாதான் சொன்னாள். "நேரம் போகுது சின்னம்மா. நான் பின்னாலயே வந்துர்றேன். நீங்க தாலி கட்டுற நேரத்துக்கு வந்துருவேன்." தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நீலச் சேலையின் கொசுவத்தை நீவிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள்.

பின் டயர்களுக்கு முப்பது. கார் எங்கும் சாயாமல் ஓடியது. பத்துக்கு முன்பே பந்தலில் இருந்தோம். குடங்கள் வரிசையாகப் பரப்பப்பட்டன. செப்புக் குடத்தைத் தூக்கிப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, "நல்ல கனம்" என்றாள். பத்தேகாலுக்குத் தாலி ஏறியது. அத்தையின் பக்கத்தில் நிற்க ஆள் இல்லாமல் என்னை நிறுத்தினார்கள். மாலை விழுந்ததும் அவள் குனிந்து என் காதில், "வந்துட்டாளா?" என்று கேட்டாள்.

வந்த பஸ் எல்லாம் நிறைந்து நிற்காமல் போயிருக்கிறது. ஆயா இரண்டு மணிக்குத்தான் வந்தாள். பந்தியில் இலையெல்லாம் எடுத்தாகிவிட்டது. அத்தை கல்யாணக் கோலத்தோடு எழுந்து உள்ளே போய்ச் சோற்றோடு வந்து, தானே பரிமாறினாள். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பந்தல் கால் அருகில் நின்று கார்ப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தத் தராச என்ன செய்யப் போறீங்க?" என்றாள் அத்தை.

"திங்கக்கிழம பாப்பம்."

அப்பா கெட்ட மனிதரல்ல. இதை நான் எழுதும்போது என் கை நிற்கிறது. அம்மா இதைப் படித்தால் என்ன சொல்வாள் என்று நினைக்கிறேன். பல வருடம் கழித்து அந்தத் தராசைப் பற்றி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "தோட்டத்துத் தொரை வச்ச ஆணிய கிளாக்கர் புடுங்கினா, அடுத்த மாசம் குவாட்டர்ஸ்ல யாரு இருப்பா? நீ படிச்சிருப்பியா?" என்றாள். இருக்கலாம். என் படிப்பில் அந்த நாலு இறாத்தல்கள் எத்தனை இருக்கின்றன என்று கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் பொறுமையும் வரவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் அப்பா முதலில் காரின் நான்கு டயர்களையும் அளந்து பார்த்தார். பிறகு மடுவத்துக்குப் போனார். நான் கொப்பியும் கையுமாகப் பின்னால் போனேன். துரையின் ஆள் ஒருவர் தூணில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். கூடைகள் ஒவ்வொன்றாக ஏறின. ஆயாவின் முறை வந்தது. முள் நடுங்கி நின்றது.

"இருவத்துநாலு. கூடைக்கு நாலு போக, இருவது" என்றார் கங்காணி.

அப்பாவின் பேனை தாளுக்கு மேலே நின்றது. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாவுலையில் நடந்தது அதற்குள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். துரையின் ஆள் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார்.

அப்பா இருபது என்று எழுதினார்.

ஆயா கூடையைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கொழுந்தைக் கொட்டினாள். போகும்போது அப்பாவின் மேசையருகில் நின்றாள்.

"காருக்கு இப்ப எத்தன காத்துங்க அய்யா?"

"முப்பது" என்றார் அப்பா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரியாப் பாத்து வையுங்க அய்யா" என்றாள் ஆயா. "புள்ளைக போற வண்டி."